ஆர்2-விலிருந்து விரலை எடுங்கள்

கால்பந்து கேமை முதன்முதலாகக் கையில் எடுக்கிறவர்கள் அநேகமாக எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கன்ட்ரோலரின் வலது தோளில் இருக்கும் ஆர்2 பட்டனை அழுத்திப் பிடிக்கிறார்கள். கடைசி விசில் வரை விடுவதே இல்லை. ஆர்2 என்றால் வேக ஓட்டம். ஓடினால் முந்தலாம், முந்தினால் கோல் அடிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. மூன்று கோல் வாங்கிய பிறகும் கணக்கு மாறுவதில்லை. இன்னும் பலமாக அழுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

மற்ற பட்டன்களை ஒரு மாலை நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். இந்த ஒரு விரலை அடக்கத்தான் நாளாகும். அதனால் இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்த விரலைப் பற்றியது. அதற்கு முன்னால் எந்த கேமை வாங்குவது, டிவியில் எதை மாற்றுவது போன்ற சில்லறை விஷயங்களை முடித்துவிடுவோம்.

எதை வாங்குவது?

கடையில் போய் ‘ஃபிஃபா கேம் இருக்கா?’ என்று கேட்டால் இப்போது கொஞ்சம் குழப்பம் வரும். 1993 டிசம்பரில் சேகா மெகா டிரைவில் வந்த ‘ஃபிஃபா இன்டர்நேஷனல் சாக்கர்’ தொடங்கி ஏறக்குறைய முப்பது வருடம் இஏ நிறுவனம் அந்தப் பெயரில்தான் விற்றது. 2022 மே மாதம் இரண்டு தரப்பும் பிரிவதாக அறிவித்தார்கள். ‘ஃபிஃபா 23’ கடைசி. 2023 செப்டம்பரிலிருந்து அதே கேம் ‘இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி’ என்ற பெயரில் வருகிறது: எஃப்சி 24, எஃப்சி 25, எஃப்சி 26 என்று. பெயர் போனதே தவிர அணிகள், ஆட்டக்காரர்கள், லீகுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. எஃப்சி 24 வந்த சமயத்தில் பழைய ஃபிஃபா பதிப்புகளை இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். செகண்ட் ஹேண்ட் டிஸ்க் கிடைத்தால்தான் உண்டு.

இன்னொரு பக்கம் ஜப்பானின் கொனாமி. ‘வின்னிங் லெவன்’, ‘பெஸ்’ என்ற பெயர்களில் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்ட கம்பெனி. 2021 செப்டம்பர் 30 முதல் அது ‘இஃபுட்பால்’ ஆகி, இலவசமாகவும் ஆகிவிட்டது. வெளியான அன்று அது இருந்த நிலையைப் பார்த்து உலகமே சிரித்தது. கோணல் முகங்களின் படங்கள் இணையமெங்கும் சுற்றின. 2022 ஏப்ரலில் 1.0 பதிப்பு வந்த பிறகுதான் ஆடும்படி ஆயிற்று. காசு செலவழிக்காமல் முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு இதுவே வழி. போனிலும் ஓடும். ஆனால் போனில் கற்க வேண்டாம் என்பது என் கருத்து. கண்ணாடித் திரையில் விரல் எந்த இடத்தில் இருக்கிறது என்று கையால் தடவித் தெரிந்துகொள்ள முடியாது. கண் பந்தை விட்டுப் பட்டனைத் தேடும். பட்டனைப் பார்க்கிற நேரத்தில் பந்து போய்விடும்.

புதிதாகத் தொடங்குகிறவர் இந்த வருடத்து எஃப்சி-யை முழு விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை. செப்டம்பர் தோறும் புதிது வருகிறது. வந்த சில மாதங்களிலேயே விலை இறங்கத் தொடங்கிவிடும். போன வருடத்துப் பதிப்புக்கும் இந்த வருடத்ததற்கும் உள்ள வித்தியாசம் ஆடிப் பழகியவர்களின் கைக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டரில் ஆடுவதானால் கேமுக்கு முன் ஒரு கன்ட்ரோலர் வாங்குங்கள். கீபோர்டில் எட்டுத் திசைகள்தான் உண்டு. கால்பந்துக்கு எட்டுத் திசை போதாது.

அணிகளின் பட்டியலைப் பார்க்கும்போது ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. எஃப்சி 25-இல் ஏசி மிலானைத் தேடினால் கிடைக்காது. ‘மிலானோ எஃப்சி’ என்று ஒன்று இருக்கும், அதுதான். இன்டர் மிலான் ‘லொம்பார்டியா எஃப்சி’ ஆகிவிட்டது. ஃபிஃபா 20 முதல் 22 வரை யுவென்டஸ் ‘பியமொன்டே கால்சியோ’ என்ற பெயரில் ஒளிந்திருந்தது. எல்லாம் உரிமைத் தகராறு. கிளப்பின் பெயரையும் சின்னத்தையும் சட்டையையும் பயன்படுத்தும் உரிமையை ஒரு கம்பெனி வாங்கிவிட்டால் மற்றொன்று மாற்றுப் பெயர்தான் வைக்க வேண்டும். பழைய பெஸ்ஸில் செல்சீ ‘லண்டன் எஃப்சி’யாக இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்.

டிவியில் ஒரு மாற்றம்

கன்ட்ரோலரை எடுக்கும் முன் டிவியின் ரிமோட்டை எடுங்கள். பட செட்டிங்ஸில் ‘கேம் மோட்’ என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். இன்றைய டிவிகள் படத்தை மெருகேற்றிக் காட்ட ஒவ்வொரு காட்சியையும் சிறிது நேரம் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சினிமா பார்க்கையில் தெரியாது. பந்து காலுக்கு வந்த கணத்தில் பாஸ் கொடுக்க வேண்டிய ஆட்டத்தில், நீங்கள் பார்ப்பது ஏற்கெனவே நடந்து முடிந்தது என்றால் எவ்வளவு பழகினாலும் கை வராது. ‘எனக்கு டைமிங்கே வரல’ என்று நொந்துகொள்கிற பலருக்குப் பிரச்சினை கையில் இல்லை, டிவியில் இருக்கிறது.

கேமரா கோணத்தையும் பாருங்கள். சிலருக்கு ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கோணம் பிடித்துப்போகும், அழகாகத்தான் இருக்கும். ஆனால் உயரத்தில் நின்று பக்கவாட்டில் பார்க்கிற ‘டெலி’ அல்லது ‘கோ-ஆப்’ கோணம்தான் கற்கிறவருக்கு உதவும். மைதானத்தின் எந்த மூலை காலியாக இருக்கிறது என்பது அதில்தான் தெரியும். கேமராவின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டி, ஜூமைக் குறைத்தால் இன்னும் நல்லது.

பட்டன்கள்

பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரை வைத்துச் சொல்கிறேன். வலது கட்டைவிரலுக்கு நான்கு பட்டன். கீழே இருக்கும் எக்ஸ், தரையோடு பாஸ். வலப்பக்கத்து வட்டம், ஷூட். இடப்பக்கத்துச் சதுரம், தூக்கிப் போடும் பாஸ் அல்லது கிராஸ். மேலே முக்கோணம், த்ரூ பால். அதாவது ஆள் நிற்கும் இடத்துக்கு அல்ல, அவர் ஓடிப் போகப்போகும் இடத்துக்குப் பந்தை விடுவது. எக்ஸ்பாக்ஸில் இதே இடங்களுக்கு முறையே ஏ, பி, எக்ஸ், ஒய் என்று பெயர். தோளில் உள்ள ஆர்2, எல்2, ஆர்1, எல்1 அங்கே ஆர்டி, எல்டி, ஆர்பி, எல்பி.

பந்து எதிராளியிடம் இருக்கும்போது இதே பட்டன்களின் வேலை மாறிவிடும். வட்டம் நின்றபடி பந்தைப் பறிக்கும். சதுரம் சறுக்கிப் பறிக்கும். முக்கோணத்தை அழுத்திப் பிடித்தால் கோல்கீப்பர் வெளியே ஓடி வருவார். எல்1 தட்டினால் அடுத்த ஆளின் கட்டுப்பாடு உங்களுக்கு வரும். எல்2-வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தடுப்பாட்டத்தில் வருகிறேன்.

பெஸ் ஆடிப் பழகிய நண்பர் வீட்டுக்கு வந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். கோலுக்கு நேரே பந்து கிடைத்ததும் அவர் வானத்தை நோக்கி ஒரு கிராஸ் போடுவார். கொனாமியில் ஷூட் என்பது சதுரம், தூக்கிப் போடுவது வட்டம், நேர்த் தலைகீழ். எஃப்சி-யின் கன்ட்ரோல் செட்டிங்ஸில் ‘ஆல்டர்னேட்’ என்று மாற்றிவிட்டால் அவருக்கும் சரியாகிவிடும்.

பாஸ், ஷூட் இரண்டுக்கும் உதவி அளவு ‘அசிஸ்டட்’ என்றே இருக்கட்டும். அதை ‘மேனுவல்’ ஆக்கினால்தான் உண்மையான ஆட்டம் என்று சொல்கிற ஆசாமிகள் எல்லா ஊரிலும் உண்டு. கேட்டுக்கொண்டு, மாற்றாமல் இருங்கள்.

ஓடினால் என்ன ஆகும்?

இப்போது விரலுக்கு வருவோம். ஆர்2-வை அழுத்திக்கொண்டு பந்தோடு போகிற ஆட்டக்காரரின் காலைக் கவனியுங்கள். ஒவ்வொரு தொடுதலிலும் பந்து அவருக்கு முன்னால் நன்றாக எட்டிப் போகிறது. அதைத் துரத்திப் பிடித்து மறுபடி தட்டுகிறார். இரண்டு தொடுதலுக்கும் நடுவில் பந்து யாருடையதும் அல்ல. டிஃபென்டர் அந்த நேரத்தில் காலை நீட்டினால் போதும். விரலை எடுத்துவிட்டு இடது ஸ்டிக்கை மட்டும் வைத்து நடத்திப் பாருங்கள்: பந்து பூட்ஸோடு ஒட்டிக்கொண்டு வரும், திரும்பச் சொன்னால் அதே இடத்தில் திரும்பும். வேகமாகப் போகிறவரால் அப்படித் திரும்ப முடியாது. பெரிய வளைவு எடுத்துத்தான் வருவார்.

ஷூட்டுக்கும் அதே கதி. தலைதெறிக்க ஓடி வந்து அடித்தால் உடல் நிலைகொள்ளாமல் பந்து கம்பத்துக்கு மேலே போகும். பாஸ் வாங்குவதும் அப்படியே: ஓடிக்கொண்டே வாங்கினால் முதல் தொடுதல் தடித்து, பந்து காலில் பட்டு எகிறும். இதற்கெல்லாம் மேலாக மூச்சு. திரையின் அடியில் ஆட்டக்காரரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டை தேய்ந்துகொண்டே வரும். முதல் பாதி முழுக்கத் துரத்திய விங்கர் எழுபதாவது நிமிடத்தில் உண்மையில் வேகம் தேவைப்படுகிற போது தள்ளாடுவார்.

கேமைச் செய்கிறவர்களுக்கும் இது தெரியும். எஃப்சி 24-இல் ஆர்1-ஐ அழுத்தினால் பந்தை அருகிலேயே வைத்துக்கொண்டு ஓரளவு வேகமாகப் போகும் ‘கன்ட்ரோல்டு ஸ்பிரின்ட்’ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். நடைக்கும் ஓட்டத்துக்கும் இடையில் ஒரு கியர் இல்லாத குறை அதுவரை இருந்தது.

அப்படியானால் ஆர்2 எதற்கு? முன்னால் புல்வெளி திறந்து கிடக்கும்போது. உங்கள் ஸ்டிரைக்கர் டிஃபென்டரைத் தாண்டிவிட்டார், கோல்கீப்பர் மட்டும் எதிரே. அப்போது அழுத்துங்கள், பாக்ஸுக்குள் நுழைந்ததும் விடுங்கள். எதிராளி கார்னரிலிருந்து பந்து உங்களிடம் வந்து, அவர்கள் பாதியில் இரண்டே பேர் நிற்கிறார்கள், அழுத்துங்கள். ஆள் நெருக்கமாக இருக்கிற இடத்தில் எடுத்துவிடுங்கள். இதைக் கைக்குப் பழக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, கம்ப்யூட்டருக்கு எதிரான ஓர் ஆட்டம் முழுவதையும் ஆர்2-வைத் தொடாமலே ஆடுவதுதான். வலது ஆள்காட்டி விரலைக் கன்ட்ரோலருக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஹாஃபில் எரிச்சலாக வரும். இரண்டாவது ஹாஃபில் பாஸ் கொடுக்கத் தொடங்கிவிடுவீர்கள், வேறு வழி இருக்காது.

கம்ப்யூட்டரின் கடுமை அளவில் ஏழு படிகள் உண்டு: பிகினர், அமெச்சூர், செமி-ப்ரோ, ப்ரொஃபெஷனல், வேர்ல்டு கிளாஸ், லெஜண்டரி, அல்டிமேட். பெயரைப் பார்த்துப் பிகினரில் ஆரம்பிக்காதீர்கள். அங்கே எதிராளிகள் ஒதுங்கி வழிவிடுவார்கள். ஆர்2-வை அழுத்தியே ஆறு கோல் அடிக்கலாம். கெட்ட பழக்கத்துக்குப் பரிசு கொடுக்கிற படி அது. பட்டன் இடங்கள் கைக்கு வரும்வரை ஓரிரு ஆட்டம் அமெச்சூர், பிறகு நேராகச் செமி-ப்ரோ. தொடர்ந்து இரண்டு மூன்று கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கிறீர்கள் என்றால் ஒரு படி ஏறுங்கள். ஒரு ஹாஃப் ஆறு நிமிடம் என்று வைத்தால் போதும்; அந்த ஆறு நிமிடத்துக்குள் திரையின் கடிகாரம் நாற்பத்தைந்து நிமிடம் ஓடிவிடும்.

பாஸ்

பாஸுக்குப் பலம், பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துகிறீர்கள் என்பதில் இருக்கிறது. பத்தடி தூரத்தில் நிற்பவருக்கு ஒரு தட்டு. மைதானத்தின் மறு ஓரத்துக்குப் பிடித்து விட வேண்டும். திசை, இடது ஸ்டிக். புதியவர்கள் இரண்டையும் சரியாகவே செய்துவிடுகிறார்கள். கோட்டை விடுவது அதற்குப் பிறகு. பந்து இன்னும் பாதி வழியில்தான் உருள்கிறது, அதற்குள் வாங்க வேண்டியவரை முன்னால் ஓட வைக்க ஸ்டிக்கைத் தள்ளிவிடுகிறார்கள். அவரும் சொன்ன பேச்சைக் கேட்டு முன்னால் போய்விடுவார், பந்து அவர் முதுகுக்குப் பின்னால் போகும். பந்து காலில் படும்வரை ஸ்டிக்கை விட்டுவிடுங்கள், அல்லது பந்து வரும் திசையை நோக்கி லேசாகத் தள்ளுங்கள். அவர் எதிர்கொண்டு வந்து வாங்குவார்.

அடுத்தது, பின்னால் கொடுக்கக் கூச்சப்படாதீர்கள். முன்னே வழி அடைத்திருந்தால் பின்னால் நிற்கிற மிட்ஃபீல்டரிடம் கொடுங்கள். அவரிடமிருந்து மறு ஓரத்துக்குப் போங்கள். எதிராளி பந்தை நோக்கி நகர்கிற ஒவ்வொரு முறையும் அவர் விட்டு வந்த இடம் காலியாகிறது. அந்தக் காலி இடத்தைப் பார்க்கத்தான் உயரமான கேமரா. பாஸ் கொடுக்கும்போது எல்1-ஐயும் சேர்த்து அழுத்தினால், கொடுத்தவர் நிற்காமல் முன்னால் ஓடுவார். வாங்கியவர் முக்கோணத்தைத் தட்டி அவருக்கே திருப்பி விடலாம். இந்த ஒரு ‘ஒன்-டூ’ நன்றாக வந்துவிட்டால் செமி-ப்ரோ டிஃபென்டர்கள் பாதிப்பேரைத் தாண்டிவிடுவீர்கள்.

ஷூட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாக்ஸுக்குள்ளிருந்து பலப் பட்டை பாதியைத் தாண்ட வேண்டாம். கோல்கீப்பருக்குத் தூரமான கம்பத்தைப் பார்த்து ஸ்டிக்கை வையுங்கள். பாக்ஸின் மூலையிலிருந்து ஆர்1-ஐயும் வட்டத்தையும் சேர்த்து அடித்தால் பந்து வளைந்து போகும். எந்தக் காலில் அடிக்கிறார் என்பதையும் பாருங்கள். ஆட்டக்காரரின் விவரத்தில் ‘வீக் ஃபுட்’ என்று ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை இருக்கும். சன் ஹியுங்-மின் போன்ற ஐந்து நட்சத்திரக்காரருக்கு இரண்டு காலும் ஒன்று. இரண்டு நட்சத்திரக்காரரை வலுவில்லாத காலால் அடிக்கச் சொன்னால் பந்தைப் பொறுக்கத் தனியாக ஆள் வைக்க வேண்டும்.

தடுப்பது

புதியவர்கள் தோற்பது கோல் அடிக்கத் தெரியாததால் அல்ல. தடுப்பாட்டத்தில் ஆர்2 செய்கிற நாசம், தாக்குதலில் செய்வதைவிட அதிகம்.

ஒரு காட்சியை மெதுவாகப் பார்ப்போம். எதிரணியின் வலது விங்கர் உங்கள் பாதிக்குள் ஓரமாகப் பந்தோடு வருகிறார். உங்கள் லெஃப்ட் பேக் அவருக்குப் பத்தடி முன்னால். தலைக்கு மேல் அம்புக்குறி அவர்மேல்தான் இருக்கிறது. புதியவர் செய்வது: ஆர்2, நேராக விங்கரை நோக்கி, கூடவே வட்டத்தை நான்கைந்து தட்டு. விங்கர் ஸ்டிக்கை லேசாக உள்பக்கம் சாய்த்தால் போதும். உங்கள் ஆள் முழு வேகத்தில் காலை நீட்டி, காற்றைப் பறித்து, அவரைத் தாண்டி ஓரக்கோடு வரை போவார். நின்று, திரும்பி, மறுபடி வேகம் பிடிப்பதற்குள் விங்கர் பாக்ஸுக்குள். பதறிப்போய் நீங்கள் சென்டர் பேக்கை எடுத்து அதையே செய்வீர்கள். அவர் விட்டு வந்த இடத்தில் எதிரணி ஸ்டிரைக்கர் தனியாக நிற்பார். கோல்.

இப்போது அதையே வேறு விதமாக. ஆர்2 வேண்டாம். எல்2-வை அழுத்திப் பிடியுங்கள். லெஃப்ட் பேக் முழங்காலை மடக்கி, விங்கரைப் பார்த்த முகத்தோடு பக்கவாட்டில் நகரத் தொடங்குவார். இதற்கு ‘ஜாக்கி’ என்று பெயர். நேராக விங்கரிடம் போகாதீர்கள். அவருக்கும் உங்கள் கோலுக்கும் நடுவில் போய் நில்லுங்கள். இரண்டடி இடைவெளி விடுங்கள். அவர் முன்னேறினால் பின்வாங்குங்கள். அவசரமே இல்லை, அவர் ஓரத்தில்தான் இருக்கிறார், ஓரத்திலிருந்து கோல் விழாது. அவர் பொறுமை இழந்து ஓடப் பார்ப்பார். அப்போது பந்து அவர் காலை விட்டு எட்டிப் போகும், முன்பு சொன்னேனே, அதே எட்டல். அந்தக் கணத்தில் வட்டத்தை ஒரே ஒரு தட்டு. பந்து உங்களுடையது. அவர் ஓடாமல் நின்றாலும் நல்லதே. உங்கள் மிட்ஃபீல்டர்கள் பின்னால் வந்து சேர நேரம் கிடைக்கிறது.

இந்த முறையை ‘டாக்டிகல் டிஃபெண்டிங்’ என்று ஃபிஃபா 12-இல் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் உங்கள் ஆள் தானாகவே எதிராளியிடம் போய் ஒட்டிக்கொள்வார். வந்த புதிதில் பழைய கைகள் கத்தாத கத்தல் இல்லை. ஆனால் தடுப்பதும் ஓர் ஆட்டம் என்று ஆனது அன்றைக்குத்தான் என்பேன்.

சென்டர் பேக்கை இடம் விட்டு இழுக்காதீர்கள். கூடுமானவரை மிட்ஃபீல்டரை எடுத்து அவரால் துரத்துங்கள். பின்வரிசை கம்ப்யூட்டர் சொல்படி ஒழுங்காக நிற்கும், நீங்கள் தொந்தரவு செய்யாமல் இருந்தால். எல்1 தட்டினால் எந்த ஆள் வருவார் என்பது சமயத்தில் குழப்பும். வலது ஸ்டிக்கை எந்தத் திசையில் தள்ளுகிறீர்களோ அந்தத் திசையில் இருப்பவர் வருவார் என்பது நம்பகமான வழி. ஆர்1-ஐப் பிடித்தால் இன்னொரு ஆள் தானாகப் போய் நெருக்குவார். உதவிதான், ஆனால் அவரும் ஓர் இடத்தைக் காலி செய்துவிட்டுத்தான் போகிறார். சதுரத்தை, அதாவது சறுக்கலை, முதல் மாதம் மறந்துவிடுங்கள். பாக்ஸுக்குள் சறுக்கினால் பெனால்டி, வெளியே சறுக்கினால் மஞ்சள் அட்டை. பந்து கிடைப்பது மூன்றாவது பட்சம்.

எந்த அணி?

எஃப்சி 25-இல் எம்பாப்பேவுக்கும் ரோட்ரிக்கும் மொத்த மதிப்பெண் ஒன்றே: 91. எம்பாப்பேயின் வேகம் 97. ரோட்ரி வேகத்தில் சாதாரணம். புதியவர்கள் முன்னவரைத் தேடிப் போவார்கள். அவரை வைத்துக்கொண்டால் ஆர்2-விலிருந்து விரல் வரவே வராது. ரோட்ரியை நடுவில் வைத்து ஆடினால் பந்தை வாங்கி, நிறுத்தி, சுற்றிப் பார்த்து, கொடுப்பது என்றால் என்னவென்று விளங்கும். 2024-இன் பலோன் தோர் விருது அவருக்குப் போனதும் அதற்காகத்தான். ஆகவே என் சிபாரிசு மான்செஸ்டர் சிட்டி போல, நடுவில் பந்து நிற்கும் அணி. அதே பதிப்பில் பார்சிலோனா பெண்கள் அணியின் ஐதானா பொன்மதிக்கும் 91 உண்டு. பாஸ் விளையாட்டைக் கற்க அந்த அணியும் அருமையானது, நீங்களும் எதிரே ஆடுகிறவரும் பெண்கள் அணிகளை எடுத்து ஆடிப் பாருங்கள். எதை எடுத்தாலும் அதிலேயே கொஞ்ச காலம் இருங்கள். ஆட்டத்துக்கு ஓர் அணி என்று தாவினால் எந்த ஆள் எந்தக் காலில் அடிப்பார் என்று கூட மனதில் நிற்காது.

ஃபிஃபா 22-இல் இந்தியன் சூப்பர் லீக்கைச் சேர்த்தார்கள். அந்தப் பதிப்பு கையில் இருந்தால் சென்னையின் எஃப்சி-யை எடுக்கக் கை பரபரக்கும், இயல்புதான். ஆனால் மதிப்பெண் குறைந்த ஆட்டக்காரர்களிடம் பந்து காலில் நிற்காது, பாஸ் தவறும். தப்பு உங்கள் கையுடையதா அவர்கள் காலுடையதா என்று புதியவருக்குப் பிரித்தறிய முடியாது. கை பழகிய பிறகு எடுங்கள். அப்போது அதில் ஜெயிப்பதன் ருசியே தனி.

அணிவகுப்பை மாற்றிக்கொண்டே இருப்பது நேர விரயம். 4-2-3-1 வைத்துக்கொள்ளுங்கள், பின்வரிசைக்கு முன்னால் இரண்டு பேர் காவல் நிற்பார்கள், உங்கள் பிழைகளை அவர்கள் மூடுவார்கள்.

நண்பர்களோடு, பிறகு இணையத்தில்

கம்ப்யூட்டரோடு ஆடுவதில் ஒரு சலிப்பு உண்டு. அது கோபப்படாது, ஏமாறாது, ஜெயித்தால் சிரிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிற நண்பர்தான் நல்ல ஆசிரியர். பெரும்பாலும் அவரும் ஆர்2 ஆசாமியாகவே இருப்பார். நீங்கள் எல்2-வோடு நின்று காத்திருந்தால் அவரே பந்தைக் கொண்டுவந்து கொடுப்பார். சில மரியாதைகள்: அவர் கோலை நோக்கிப் போகும்போது ஆட்டத்தை நிறுத்தாதீர்கள், கோல் ரீப்ளேவை அடித்தவர்தான் தாண்ட வேண்டும், ஐந்து கோல் முன்னணியில் இருக்கையில் பந்தை மூலையில் கொண்டுபோய் வைத்துக்கொள்வது நட்புக்கு நல்லதல்ல.

இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஆட, செமி-ப்ரோவைத் தாண்டி ப்ரொஃபெஷனலில் பாதிக்குப் பாதியாவது ஜெயிக்கும்வரை பொறுங்கள். அடிமட்ட டிவிஷனில்தான் தொடங்கும் என்றாலும் அங்கேயும் கைதேர்ந்தவர்கள் புதுக் கணக்கில் வந்து நிற்பார்கள். வைஃபை வேண்டாம், ரவுட்டரிலிருந்து கேபிள் போடுங்கள்.

இணையத்துக்குள் நுழைந்ததும் கேம் உங்களை இழுத்துக்கொண்டு போகும் இடம் ‘அல்டிமேட் டீம்’. முதல் திரையிலேயே பளபளக்கும். 2009-இல் ஃபிஃபா 09-க்குக் கூடுதல் இணைப்பாக வந்த இது, பிறகு கம்பெனிக்குப் பொன் முட்டையிடும் வாத்தாகிவிட்டது. ஆட்டக்காரர்கள் அட்டைகளாக வருவார்கள். அட்டைகள் மூடிய பாக்கெட்டில் வரும். பாக்கெட்டை ஆடிச் சேர்த்த நாணயத்திலும் வாங்கலாம், சொந்தக் காசிலும் வாங்கலாம். உள்ளே யார் இருக்கிறார் என்பது பிரிக்கும்வரை தெரியாது. பெரிய ஆட்டக்காரர் வரும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பதை ஃபிஃபா 19-இலிருந்து போடுகிறார்கள். அந்தச் சின்ன எழுத்தை ஒருமுறை படித்தால் ஆசை பாதி அடங்கும். பெல்ஜியம் 2018-இல் இத்தகைய பாக்கெட்டுகளைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. 2019 ஜனவரி முடிவோடு இஏ அங்கே அதற்கான பாயின்ட் விற்பனையை நிறுத்திக்கொண்டது. நெதர்லாந்திலும் வழக்கு நடந்தது. அங்கே 2022 மார்ச்சில் தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாக வந்தது.

அந்த மோடை ஆடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காசு போடாமல் ஆடுகிறவர்கள் ஏராளம். ஆனால் செப்டம்பரில் புதுப் பதிப்பு வந்ததும் நீங்கள் வருடம் முழுக்கச் சேர்த்த அட்டைகள் பழையதிலேயே தங்கிவிடும், புதியதில் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கட்டும். வீட்டில் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்றால் கன்சோலில் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்காதீர்கள். பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் பிள்ளையின் கணக்கைக் குடும்பக் கணக்கோடு இணைத்துச் செலவுக்குக் கட்டுப்பாடு வைக்கும் வசதி இருக்கிறது. கேமைப் போடுகிற அன்றே அதைச் செய்துவிடுங்கள்.